சானடோரியத்தில் படம் பார்ப்பவர்கள்

தாம்பரம் சானடோரியம் என்றால் பலருக்கு அது ஒரு மின்ரயில் நிலையம். டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் விடுதியின் பெயர்தான் ஸ்டேஷனுக்கு ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தில் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

இங்கே புதிதாக வரும் பயிற்சி மருத்துவருக்கு எல்லா எக்ஸ்ரேயும் ஒன்றுபோலவே தெரியும். விலா எலும்பு, இதயத்தின் நிழல், இரு பக்கமும் கருமை. மூத்தவரோ படத்தை விளக்குப் பெட்டியில் செருகும்போதே "வலது மேல, குழி" என்று சொல்லிவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்கே விளக்க வராது.

இந்த வேகத்தை 1975இல் அமெரிக்காவில் குண்டல், நோடைன் என்ற ஆய்வாளர்கள் சோதித்தார்கள். நெஞ்சுப் படங்களை விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே காட்டி மறைத்தார்கள். கண் இடம் மாறக்கூட அவகாசமில்லை. அப்படியும் கதிரியக்க மருத்துவர்கள் சுமார் 70 விழுக்காடு கோளாறுகளைச் சொல்லிவிட்டார்கள். தாம்பரம் நடைமேடை நெரிசலில் சொந்தக்காரர் முகம் சட்டென்று தட்டுப்படுமே, அதுபோலத்தான். உவமைக்காக மட்டும் சொல்வதல்ல இது: முகங்களை அடையாளம் காணும் மூளைப் பகுதியின் செயல்பாடு, படம் பார்க்கும் திறமையோடு சேர்ந்தே கூடுவதாக 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆனால் பழகிய கண் பழகியதைத்தான் தேடும். சுனிதி சாலமன் குழுவினர் 1986இல் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1990களில் அந்தத் தொற்று உள்ளவர்கள் சானடோரியத்துக்கு வரத் தொடங்கினார்கள். பலருக்குக் காசநோயும் சேர்ந்திருந்தது. காசநோயில் வழக்கமாக நுரையீரலின் மேல்பகுதியில் குழி விழுவது கிருமியின் வேலை மட்டுமல்ல, உடல் அதை எதிர்த்துப் போராடுவதில் திசு அழிவதும்தான். எதிர்ப்புச் சக்தி வற்றிய உடலில் குழி அபூர்வம். நோய் கீழ்ப்பகுதியில் பரவியிருக்கும்; நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருக்கும்; சிலருக்குப் படம் சுத்தமாகவே இருக்கும், உள்ளே காசநோய் முற்றிக்கொண்டிருக்கும். மேல் மடலில் குழியைப் பார்த்தே வளர்ந்த கண், அது தேர்ந்த கண் என்பதாலேயே, இங்கே ஏமாறக்கூடும்.

2013இல் இதை வேடிக்கையாகவே நிரூபித்தார்கள். நுரையீரல் சி.டி. படங்களுக்குள் ஒரு கொரில்லா உருவத்தை ஒளித்துவைத்து, கட்டியைத் தேடச் சொன்னார்கள். 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் கொரில்லாவைப் பார்க்கவில்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை அதன் மீதே பட்டிருந்தது!

அதனால்தான் முதல் பார்வையில் விடை கிடைத்த பிறகும் வரிசையாகச் சுற்றிவரச் சொல்லித் தருகிறார்கள்: காறை எலும்புக்குப் பின்னால், இதய நிழலுக்குப் பின்னால், உதரவிதானத்துக்குக் கீழே. சலிப்பான வேலைதான். திறமை கூடக்கூட இதைத் தவிர்க்கத் தோன்றும். அப்போதுதான் இது அதிகம் தேவை.

காசநோயைச் சலித்தெடுக்க மனிதக் கண்ணுக்குப் பதிலாகக் கணினியையும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கணினியும் பழைய படங்களைப் பார்த்துத்தான் கற்கிறது. ஆறிப்போன தழும்பா, இப்போதைய நோயா என்பது அதற்கும் குழப்பம். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் கேள்வி சாதாரணமானது: "பழைய படம் இருக்கா?" இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே நிழல் அப்படியே இருந்தால், பெரும்பாலும் தழும்பு. நிழல் வளர்ந்திருந்தாலோ, பழைய படமே இல்லாவிட்டாலோ, சளி டப்பாவைக் கையில் கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.