டர்பனுக்குப் போகிறீர்களா? கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்!



"கடல் பார்க்க ஆப்பிரிக்காவுக்கா போகவேண்டும்? நம் போர்ட்டிக்சன் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் காசு போட்டு பஸ் பிடித்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போர்ட்டிக்சனுக்கோ மோரிப்புக்கோ போய்வருவோம். அதற்குமேல் கடல் எதற்கு என்று இருந்தவள் நான். மகளும் மருமகனும் விடாமல் அழைத்ததால், தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பன் நகரத்தைப் பார்த்து வந்தேன். அங்கே பட்டதையும் கற்றதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், எப்போது போவது? அங்கே பருவம் தலைகீழ். டிசம்பரும் ஜனவரியும் கோடைக்காலம். வெயிலும் மழையும் சேர்ந்து அடிக்கும். கடற்கரையில் எள் விழ இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்து போவதுண்டு என்பதால், பெருநாள் காலத்தில் சிறுபிள்ளைகளின் கையில் விவரம் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில் போனால் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். குளிர்காலம் என்று பயப்படவேண்டாம். பகலில் சுமார் 23 டிகிரி இருக்கும். நம் கேமரன் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். மழையும் குறைவு. நாங்கள் ஜூலையில்தான் போனோம்.

இங்கிருந்து புறப்படும்போது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை மறவாதீர்கள். இன்னொன்று, அங்குள்ள மின்சாரப் பிளக் நம்முடையது போல் சதுரக் கால் அல்ல. பருத்த உருண்டைக் கால் மூன்று கொண்டது. நாங்கள் அது தெரியாமல் போய், முதல் நாள் கைத்தொலைபேசி உயிரில்லாமல் கிடந்தது. நேரமும் நமக்கு ஆறு மணி பின்னால். நாம் இரவுச் சோறு உண்ணும்போது அவர்களுக்கு மதியம்தான்.

கடற்கரைக்கு வருவோம். நகரத்தை ஒட்டியே பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கடலோர நடைபாதை ஓடுகிறது. காலை ஆறு மணிக்கெல்லாம் ஓடுகிறவர்களும், சைக்கிள் ஓட்டுகிறவர்களும், பலகை கொண்டு அலைமேல் சறுக்குகிறவர்களுமாக ஒரே கலகலப்பு. தலையில் கொம்பும் உடம்பெல்லாம் பாசிமணியும் அணிந்த ஜூலு ரிக்‌ஷாக்காரர்களைப் பார்க்கலாம். ஏறுமுன், படம் எடுப்பதற்கும் சேர்த்து எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். தெற்குக் கோடியில் 2004-இல் திறந்த ஊஷாகா என்னும் கடல் பூங்கா இருக்கிறது. உடைந்த பழைய கப்பல்போல் கட்டி, அதற்குள் மீன்களை விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரு முழுநாள் போய்விடும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். டர்பன் கடல் நம் போர்ட்டிக்சன் கடல் அல்ல. அது இந்தியப் பெருங்கடல். கரையில் கொடிகள் நட்டிருப்பார்கள். இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்கவேண்டும். அங்கேதான் உயிர்காப்பாளர்களின் கண் இருக்கும். என் பேரன், பன்னிரண்டு வயது, கூட்டமில்லாத இடமாகப் பார்த்துக் கொடியைத் தாண்டி இறங்கிவிட்டான். தண்ணீர் இடுப்பளவுதான். அலையும் அடங்கித்தான் இருந்தது. நான் முந்தானையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் தலை தூரத்தில் தெரிந்தது. "பாட்டி" என்ற சத்தம் ஒருமுறைதான் கேட்டது. என் மருமகன் குதிக்கப் போனார். அதற்குள் உயிர்காப்பாளர் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டு, மிதவையோடு பாய்ந்துவிட்டார். பிள்ளையை மணலில் கிடத்தியபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்த உயிர்காப்பாளர் பிறகு சொன்னது இதுதான். அலை அடங்கித் தெரியும் இடத்தில்தான் பல நேரம் நீரோட்டம் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துப் போவீர்கள். மிதந்துகொண்டு கையைத் தூக்குங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இதை எழுதிப் பையில் வையுங்கள், வாசகர்களே.

சுறாவைப் பற்றியும் கேட்பீர்கள். 1952 முதல் அங்கே கடலில் சுறா வலைகள் போட்டு வருகிறார்கள். அந்த வலை சுவர்போல் முழுக்க அடைப்பதல்ல. ஆகவே கொடிக்கு வெளியே போவது எந்த விதத்திலும் புத்தியல்ல. பெருமழை பெய்தால் சில நாள் கடலில் இறங்காதீர்கள். 2022 ஏப்ரலில் வந்த பெருவெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து கடலில் கலந்ததால் கடற்கரைகளையே மூடவேண்டியதாயிற்று. இன்று குளிக்கலாமா என்று உயிர்காப்பாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பொழுது சாய்ந்தபின் நடைபாதையில் தனியாக நடக்கவேண்டாம். தாலிக்கொடி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

வயிற்றுக்கு என்ன? "பன்னி சவ்" கேட்டுச் சாப்பிடுங்கள். நம் பெங்காலி ரொட்டி போன்ற முழு ரொட்டியை வெட்டி, நடுவைக் குடைந்து, கறிக்குழம்போ அவரைக்கொட்டைக் குழம்போ ஊற்றித் தருவார்கள். கையால் பிய்த்துத் தொட்டுத் தின்னவேண்டும். கால் ரொட்டியே எனக்கு அதிகம். அதன்பின் விக்டோரியா தெருச் சந்தைக்குப் போங்கள். மசாலைத் தூள் மலைமலையாகக் குவித்திருக்கும். ஒரு குவியலில் "மாமியாரை ஒழிக்கும் தூள்" என்று பெயர் எழுதியிருந்தது! என் மருமகன் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு, "அத்தை, இது உங்களுக்காக இல்லீங்க" என்றார். ஊருக்கு வந்து முதல் குழம்பு வைத்தது நான்தான். கண்ணில் தண்ணீர் விட்டது அவர்தான்.

அந்தச் சந்தையில் பார்த்த முகமெல்லாம் நம் முகம். கடைப்பலகையில் நாயுடு, பிள்ளை, முதலியார் என்பதை "மூட்லி" என்றும், கவுண்டர் என்பதைக் "கவண்டர்" என்றும் எழுதியிருக்கிறார்கள். பேச்சு ஆங்கிலம்தான். 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிவந்த 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பனில் வந்து நின்றது. 1911 வரை இப்படி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பெரும்பாலோருக்குக் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலி வேலை. நம் பாட்டன் பூட்டனைப் பால்மரக் காட்டுக்குக் கொண்டுவந்த அதே பஞ்சமும் கடனும்தான் அவர்களையும் கப்பல் ஏற்றின. திசைதான் வேறு. ஆடியில் போனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் பார்க்கலாம். மொழி போனாலும் கூழ் போகவில்லை.

கடைசி நாள் மாலை கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். மலேசியாவிலிருந்து வந்த தமிழர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு சோறு, தண்ணி, அம்மா மட்டும் தெரியும்" என்றார். மற்றதை மகள் மொழிபெயர்த்தாள்.

அவருடைய தகப்பனார் அந்தக் கடலோரத்தில் ஒரு ஓட்டலில் தட்டு எடுத்தவராம். வேலை முடிந்ததும் பின்வாசல் வழியே வீடு திரும்பவேண்டும். எதிரே இருக்கும் மணலில் கால் வைக்க முடியாது. அது வெள்ளையருக்கு மட்டும். கடற்கரை, பூங்கா, பெஞ்சு எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரித்து வைக்க 1953-இல் சட்டமே போட்டிருந்தார்கள். அது 1990-இல்தான் நீங்கியது. "அப்பா அதற்கு முன்னமே போய்விட்டார். அவருக்காகத்தான் தினமும் இங்கே வந்து உட்காருகிறேன்" என்றார் பெரியவர்.

எனக்கு எங்கள் தோட்டத்துத் துரைமார் கிளப் நினைவுக்கு வந்தது. என் தாயார் பல வருடம் அங்கே தரை துடைத்தவர். ஒருநாளும் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறொன்றும் பேசவில்லை.

ஆகவே வாசகர்களே, டர்பன் போனால் கொடிக்குள் குளியுங்கள், ரொட்டிக்குழம்பு தின்னுங்கள், மசாலை வாங்குங்கள். எல்லாம் முடிந்தபின், கடலைப் பார்த்தபடி அந்தப் பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, அதில் யார் உட்கார முடியாமல் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.