ஜீயபுரத்து விலாங்கும் அதன் செவிக்கல்லும்

ஜீயபுரத்தை ஒட்டி ஓடும் காவிரியில் சிறுமீன்களை வேட்டையாடி வாழும் வாளை, விரால், விலாங்கு ஆகிய மூன்றில், முன்னிரண்டும் நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே முடிந்துவிட, விலாங்கு மட்டும் கடலில் பிறந்து, ஆற்றில் பல ஆண்டுகள் இரைதேடி வளர்ந்து, வாழ்வில் ஒரே முறை முட்டையிடக் கடலுக்குத் திரும்பி அங்கேயே மடிகிறது. எனவே கடலின் கொன்றுண்ணி மீன்கள் எங்கே செல்கின்றன, எந்த ஆழத்தில் தங்குகின்றன என்று பின்தொடரும் ஆய்வுக்கும், கடற்கரையிலிருந்து 150 கிலோமீட்டர் அளவில் உள்ளே இருக்கும் இந்த ஊரின் பரிசல்காரர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

விலாங்குக்கான தூண்டில் இரவில் இடப்படுவது. நாக்குப்பூச்சி என்று இப்பகுதியினர் சொல்லும் மண்புழுவையோ சிறு மீனையோ கோத்து, கரையோரக் கல்லிடுக்குகளுக்கும் வேர்மூட்டுகளுக்கும் அருகில் இறக்கி, விடியுமுன் எடுக்கிறார்கள். வழுக்கிச் செல்லும் உடலைப் பிடிக்கக் கையில் மணலை அப்பிக்கொள்கிறார்கள். அறுபதைக் கடந்த பரிசல்காரர் ஒருவர் அதன் போக்கைச் சொன்ன விதம் இங்கே பதியத் தக்கது: "பெருந்தண்ணி போவயில, அதுவும் அமாவாசை இருட்டுல, கீழ இறங்கிடுங்க. அப்ப வவுறு வெள்ளையா இருக்கும், கண்ணு பெருசாயிடும், இரையைத் தொடவே தொடாது." உயிரியலாளர் வெள்ளி விலாங்கு என்று குறிக்கும் பருவமும் இதுவேதான்: பயணத்துக்கு ஆயத்தமாகும் விலாங்கு உண்பதை நிறுத்துகிறது, அதன் கண்கள் விரிகின்றன, வயிறு வெள்ளிநிறம் கொள்கிறது, வெள்ளமும் இருளும் கூடும் இரவுகளில் அது ஆற்றை விட்டு இறங்குகிறது.

இறங்கிய பின் அது செல்லும் இடம் நெடுங்காலம் புதிராக இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹன்னஸ் ஷ்மிட், ஐரோப்பிய விலாங்கின் இலைபோன்ற கண்ணாடிக் குஞ்சுகளை வலையிட்டுத் தேடி, மேலும் மேலும் சிறிய குஞ்சு கிடைக்கும் திசையில் கப்பலைச் செலுத்தி, 1920களின் தொடக்கத்தில் சர்காசோ கடலைச் சுட்டினார். வளர்ந்த விலாங்கு சர்காசோவை நோக்கி நீந்துவதை நேரில் தொடர்வதற்கு நூறாண்டு ஆயிற்று. அசோர்ஸ் தீவுகளில் செயற்கைக்கோள் குறிகள் பொருத்தி விடப்பட்ட 26 பெண் விலாங்குகளில் சில அக்கடலை எட்டிய செய்தி 2022இல்தான் வெளியாயிற்று. செயற்கைக்கோள் குறி என்பது மீனின் முதுகில் கட்டப்படும் சிறு பதிவுக்கருவி; ஆழத்தையும் வெப்பத்தையும் ஒளியையும் பதிந்துகொண்டே வந்து, குறித்த நாளில் தானே கழன்று மிதந்து, பதிந்தவற்றை வானுக்கு அனுப்பும். விலாங்கு இரவில் சில நூறு மீட்டர் ஆழத்திலும் பகலில் அதைவிட மிக ஆழத்திலும் நீந்துவது இவ்வாறே தெரியவந்தது. சில குறிகளில் வெப்பம் திடீரென உயர்ந்து அப்படியே நின்றது. வெப்ப உடல் கொண்ட திமிங்கில இனம் ஒன்றின் வயிற்றுக்குள் குறியும் விலாங்கும் சேர்ந்து போயிருந்தன என்பதே அதன் பொருள்.

காவிரி விலாங்கைப் பொறுத்தவரை, டானா என்ற டேனிஷ் கப்பல் 1928 முதல் 1930 வரை நடத்திய பயணத்தில் சுமத்ராவின் மேற்குக் கடலில் கிடைத்த குஞ்சுகள், முட்டையிடும் இடம் அப்பக்கம் இருக்கலாம் என்ற ஊகத்துக்கு வழிசெய்தன. ஊகம் சரியெனில் காவிரியின் கிளையான கொள்ளிடத்தின் முகத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல்வழி அது. ஆனால் ஆற்றுவழியே கடினமானது: கடலிலிருந்து வரும் விரல்நீளக் குஞ்சு அணைக்கரையில் கீழணையையும், ஜீயபுரத்துக்கு அருகே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையையும் ஈரச்சுவர் பற்றி ஏறிக் கடந்தாலும், 1934இல் முடிந்த மேட்டூர் அணையை அதனால் வெல்ல இயலாது.

செயற்கைக்கோள் குறி ஒன்றின் விலை சில இலட்சம் ரூபாய். அதைச் சுமக்கப் பெரிய விலாங்கு வேண்டும். இந்தியப் பெருங்கடலில் 2005 முதல் சூரை மீன்களுக்கு இடப்பட்ட 1,68,000க்கும் மேற்பட்ட எளிய பிளாஸ்டிக் குறிகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு திரும்பி வந்ததற்குக் காரணம், மீனைப் பிடித்தவரும் இறக்கியவரும் அவற்றை எடுத்துக் கொடுத்தமையும், அதற்கு வெகுமதி தரப்பட்டமையுமே. ஆற்றுத் தொழிலாளிக்கு அத்தகைய மதிப்பை எவரும் அளிப்பதில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்வதே விலை, இரவு முழுதும் நனைந்தவரின் கணக்கில் கழிவுகள் போக மிஞ்சுவது கூலிக்கும் கீழே. இது அநியாயம் என்பதில் ஐயமில்லை, அறிவுக்கும் இழப்பு.

ஏனெனில் விலாங்கின் தலைக்குள் செவிக்கல் என்னும் சுண்ணத்துகள் உள்ளது. அது வளையம் வளையமாக வளர்வது. கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் மிகுதியாகவும் நன்னீரில் குறைவாகவும் இருப்பதால், அந்த வளையங்களில் அதை அளந்தால் மீன் எந்த வயதில் கடலை விட்டது, கழிமுகத்தில் தங்கியதா, நேரே ஆறேறியதா என்பன தெரியும். செயற்கைக்கோளும் இலட்சங்களும் இதற்குத் தேவையில்லை. ஜீயபுரத்தில் மீன் அரியும்போது தலை தனியே வெட்டி எறியப்படுகிறது. அத்தலையை எடுத்துவைத்து, பிடித்த இடத்தையும் நாளையும் தண்ணீரின் நிறத்தையும் வயிறு வெளுத்திருந்ததா என்பதையும் சொல்லும் பரிசல்காரருக்கு, மீன்விலைக்கு மேல் ஒரு தொகை கொடுத்தால் போதும்.