மூன்றாம் வகுப்புப் பாயிரம்

திங்கள்

சிங்கமும் முயலும் கதை. படித்து முடித்ததும், "இதை எழுதியவர் எதுக்கு எழுதியிருப்பார்?" என்று கேட்டேன். முதல் பதில்: "பரீட்சைக்கு, மிஸ்." அடுத்து ஒருத்தி எழுந்து, "பொய் சொல்லக் கூடாதுன்னு" என்றாள். கிணற்றுக்குள் இன்னொரு சிங்கம் இருக்கிறது என்று பொய் சொல்லித்தான் முயல் பிழைக்கிறது! அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கதை முடிந்ததும் "நீதி என்ன?" என்று கேட்டுக் கேட்டுப் பழக்கியது நான்தான். கையில் தயாராக இருந்த நீதியை எடுத்து நீட்டிவிட்டாள்.

*

செவ்வாய்

அச்சடித்த தாள் ஏதாவது ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பஸ் டிக்கெட், பிஸ்கட் உறை, கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், இருமல் மருந்து அட்டை, விடுகதைப் புத்தகத்தின் கிழிந்த பக்கம். தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரித்தோம்: தெரியப்படுத்த, வாங்க வைக்க, சிரிக்க. பத்தே நிமிடம். குழந்தைகளுக்கு இதெல்லாம் சுலபம்.

சிக்கல் கடைசித் தாளில்தான் வந்தது. ஒரு பையன் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் கொண்டுவந்திருந்தான்.

"தாத்தா செத்துட்டார்னு சொல்றதுக்கு, மிஸ்" என்றான்.

பக்கத்தில் இருந்தவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "தாத்தா பேரு ஒரு தடவைதான் இருக்கு. கீழ மாமா, சித்தப்பா பேரெல்லாம் இருபது இருக்கு. அவங்க பேரும் தெரியணும்ல."

எந்தக் குவியலில் வைப்பது என்று வகுப்பே விழித்தது. நானும்தான். ஒரே தாளுக்கு இரண்டு நோக்கம் இருக்கலாம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அதைக் காட்டிக் கொடுத்தவனுக்கு வயது எட்டு.

*

வீட்டுக்கு வந்து, பவணந்தியின் இலக்கண நூலான நன்னூலைப் புரட்டினேன். பாயிரம் என்றால் நூலின் முன்னுரை. சிறப்புப் பாயிரம் ஒரு நூலைப் பற்றி என்னென்ன சொல்ல வேண்டும் என்று பவணந்தி பட்டியல் போட்டிருக்கிறார்: ஆக்கியோன், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களன், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று சொல்வோரும் உண்டு. பயன் வேறு, காரணம் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். பயன், படிக்கிறவருக்குக் கிடைப்பது. காரணம், எழுதுகிறவரை எழுத வைத்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் "எதுக்கு எழுதியிருப்பார்?" என்று திங்கட்கிழமை கேட்டேன். பவணந்திக்கே காரணமாக இருந்தவர் சிற்றரசர் சீயகங்கன். அவர் கேட்டுக்கொண்டதால் பிறந்தது நன்னூல்.

*

புதன்

கேட்டுக்கொண்டதால் எழுதியது என்றதும் ஆலிஸ் கதைப் புத்தகம் ஞாபகம் வந்தது. அது பிறந்த விதத்தை வகுப்பில் சொன்னேன். 1862 ஜூலை 4, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கம் ஒரு படகுப் பயணம். கணக்கு வாத்தியார் ஒருவர் மூன்று சிறுமிகளுக்கு வாய்க்கு வந்தபடி கதை சொல்கிறார். அதை எழுதிக் கொடுங்கள் என்கிறாள் அவர்களில் ஒருத்தி, பத்து வயது ஆலிஸ். 1865இல் அது புத்தகமாக வந்தது. லூயிஸ் கரோல் என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்.

"கேட்டா எழுதித் தருவாங்களா, மிஸ்?" கண்கள் விரிந்தன.

அந்தச் சூட்டோடு பஞ்சதந்திரத்தின் முன்கதையையும் சொன்னேன். ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள், மூவருக்கும் படிப்பு ஏறவில்லை. ஆறே மாதத்தில் தேற்றிக் காட்டுகிறேன் என்று வந்த விஷ்ணுசர்மன் அவர்களுக்காகச் சொன்ன கதைகளில் ஒன்றுதான் சிங்கமும் முயலும். கடைசி பெஞ்சுக்கு ஏக மகிழ்ச்சி. ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்கும் படிப்பு வரவில்லையாம்!

திங்கட்கிழமைக்காரி கையைத் தூக்கினாள். "அப்ப அது பொய் சொல்லக் கூடாதுங்கிற கதை இல்ல மிஸ். பெரிய ஆளு சாப்பிட வந்தா சின்ன ஆளு எப்படித் தப்பிக்கிறதுங்கிற கதை."

கேட்போர் யார் என்று தெரிந்ததும் பயன் தானே வந்துவிட்டது.

*

வெள்ளி

யாருக்காவது ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். ஆளையும் விஷயத்தையும் அவர்களே முடிவு செய்யட்டும். வழக்கமாக இரண்டு வரியோடு எழுந்துவிடும் பையன் பதினொரு வரி எழுதியிருந்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அப்பாவுக்கு. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்குக் காது மட்டும் வெள்ளை, பொங்கலுக்கு வரும்போது பார்க்கலாம்.

அவன் முழங்காலில் கட்டு இருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்ததை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அப்பா பயந்துடும், மிஸ்."

எழுதுகிறவர் எதை எழுதாமல் விடுகிறார் என்பதிலும் நோக்கம் இருக்கிறது. நான் நடத்தாத பாடம்.

*

அடுத்த வாரத்துக்கு: கதை முடிந்ததும் "நீதி என்ன?" வேண்டாம். "இது யாருக்குச் சொன்ன கதை?" என்று தொடங்க வேண்டும். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் ஒரு முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்.