கடைசி வேலை நாள்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 1 தொடங்கி 43 நாள்கள் அமெரிக்க நடுவண் அரசின் அலுவலகங்கள் பல மூடிக் கிடந்தன. நிதி ஒதுக்கீட்டில் கட்சிகளுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. லட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமின்றி வீட்டில் இருந்தார்கள். மற்றும் பலர் சம்பளமின்றியே வேலைக்குப் போனார்கள். இலவச உணவு வழங்கும் இடங்களில் அரசு ஊழியர்கள் வரிசையில் நின்ற செய்தியைப் படித்தபோது, ஓய்வுபெற்றுச் சோளிங்கரில் இருக்கும் எனக்கு அது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. 2003ஆம் ஆண்டின் ஜூலை மாதம் கண்முன் வந்து நின்றது.

நம் நாட்டில் அலுவலகங்களுக்கு இப்படிப் பூட்டுப் போடும் வழக்கம் இல்லை. வரவு செலவுத் திட்டம் நிறைவேறத் தாமதமானால், இடைக்காலச் செலவுக்குச் சட்டமன்றம் முன்கூட்டியே ஒப்புதல் தர அரசியலமைப்பின் 206ஆம் பிரிவு வழி செய்துள்ளது. ஆயினும், கருவூலத்தில் பணமில்லை என்ற பேச்சு எழுந்தால் அந்தப் பாரம் யார் தோளில் இறங்கும் என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு இல்லை.

அந்த ஆண்டு தமிழக அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, ஊழியர்களின் ஓய்வூதியப் பயன்களையும் பிற சலுகைகளையும் குறைத்திருந்தது. ஜூலை 2 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. இவ்வூர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த நானும் சேர்ந்துகொண்டேன். ஜூலை 4 அன்று அவசரச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களும் ஆசிரியர்களும் விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் நானும் ஒருவன்.

மாதத்தின் கடைசி வேலை நாளில் சம்பளம் என்பது எங்கள் வீட்டின் நாள்காட்டி. மளிகைக் கடைக் கணக்கு, பிள்ளைகளின் கட்டணம், சீட்டுப் பணம் யாவும் அந்த நாளை நம்பியே இருந்தன. வேலை போன செய்தி பரவிய மறுநாளே கடைக்காரர் கணக்கு நோட்டை எடுக்கத் தயங்கினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் யாரிடமோ கடன் வைத்திருந்தவர்தாம். என் மனைவி ஒன்றும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகுக் கடைக்கு இருட்டிய பிறகே போனேன்.

மூன்றாம் நாள் மாலை அடுத்த வீட்டு அண்ணன் ஓர் அரிசிச் சிப்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். இராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனிக்கு விடியற்காலைப் பேருந்தில் போய் வருபவர். "சார், இது உங்களுக்குப் புதுசு. எங்களுக்குப் பழகிப்போச்சு. கம்பெனி மூடியிருந்தப்ப நாங்க இருந்த மாதிரி நீங்களும் இருந்துடுவீங்க" என்றார். குத்திக்காட்டவில்லை, தைரியம் சொல்லத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் குத்தியது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத தோல் தொழிற்சாலைகளை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாறு பிழைக்கும் என்று நான் மகிழ்ந்தேன். தேநீர்க் கடையில் அத்தீர்ப்பை ஆதரித்து வாதாடினேன். அந்த மகிழ்ச்சி தவறன்று. ஆனால் அண்ணன் வேலை செய்த கம்பெனி மாதக்கணக்கில் நின்றுபோனபோது, அவர் வீட்டில் உலை ஏறியதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். எனக்குக் கடைசி வேலை நாளில் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

ஜூலை இறுதியில், நிபந்தனையற்ற மன்னிப்பும் இனி வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற உறுதியும் எழுதித் தருவோரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அரசு உச்ச நீதிமன்றத்தில் இசைந்தது. நான் எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ மனுக்களைப் பிழையின்றி எழுதிய கை அன்று இரண்டு தாள்களை வீணாக்கியது. ஆகஸ்ட் 6 அன்று, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, நான் என் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். வழக்குப் பதிவான சில ஆயிரம் பேர் அப்போதும் வெளியே காத்திருந்தனர். அவர்களுள் ஒருவர் என் பக்கத்து மேசைக்காரர். அந்த வெற்று மேசையைப் பார்க்கக் கூசினேன்.

கைக்கு முதற்சம்பளம் வந்ததும் அரிசிக்கான பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். மறுப்பார் என்று நினைத்தேன். அண்ணன் எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தர்மமாக அல்ல, அண்டை வீட்டுக் கடனாகத்தான் தந்திருந்தார். அதில் என் மானத்தையும் காத்துவிட்டார்.

அன்றுதான் அவருடைய வருங்கால வைப்பு நிதியைப் பற்றி முதன்முறையாகக் கேட்டேன். படிவங்களோடு வாழ்ந்த நான் அவருக்காக ஒரு படிவமும் நிரப்பியதில்லை. எழுதி விசாரித்ததில், அத்தனை ஆண்டு உழைத்தும் அவர் பெயரில் கணக்கே தொடங்கப்படவில்லை என்று தெரிந்தது. அலைந்து திரிந்து, அதன்பின் உள்ள ஆண்டுகளுக்கு மட்டும் கணக்குத் தொடங்க வைத்தோம். முந்தைய ஆண்டுகள் போனவை போனவையே.

திராட்சைத் தோட்ட வேலையாள்களைப் பற்றிய நற்செய்தி மூன்றாண்டுக்கு ஒருமுறை ஞாயிறு திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. முன்பெல்லாம் காலையிலேயே வேலைக்கு வந்து, மாலையில் முணுமுணுத்தவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றும். இப்போது, மாலை ஐந்து மணி வரை சந்தைவெளியில் நின்றவர்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் வீட்டிலும் அன்று காலையிலிருந்து பசி இருந்திருக்கும்.

அமெரிக்க ஊழியர்களுக்கு மூடிக்கிடந்த நாள்களுக்கான சம்பளத்தைப் பின்னர் வழங்க 2019ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. அதே கட்டடங்களைப் பெருக்கித் துடைக்கும் ஒப்பந்தப் பணியாளருக்கு அந்த உறுதி இல்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனேன். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன்.