மஞ்சள் மர விமானம்

மகளின் பிரசவத்துக்காக லண்டன் போயிருந்தோம். ரிடையரானதிலிருந்து என் கணவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. "மாமாவுக்குப் பிடிக்கும், வாங்க அத்தை" என்று ஒரு ஞாயிறன்று மாப்பிள்ளை காரில் கூட்டிப் போனார். லண்டன் கோல்னி கிராமத்துக்குப் பக்கத்தில் டி ஹாவிலண்ட் விமான மியூசியம்.

உள்ளே மஞ்சள் நிறத்தில் முதல் 'மஸ்கிட்டோ' விமானம். ஆமாம், கொசுவேதான்! 1940 நவம்பர் 25-ல் முதலில் பறந்ததாம். உடம்பு முழுக்க மரம்! போர்க்காலத்தில் உலோகம் கிடைப்பது அருமையாயிற்றே. போளிக்குள் பூரணம் மாதிரி, பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். மேஜை நாற்காலி செய்கிற தச்சர்களும் இந்த விமானங்களைச் செய்தார்களாம்.

போருக்குப் பின் இதை அழித்துவிட இருந்தார்கள். கம்பெனியில் இருந்த பில் பேர்டு என்பவர் காப்பாற்றினார். அது உருவான இடத்திலேயே 1959-ல் மியூசியம் திறந்தது.

கவனிப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஒரு தாத்தா உப்புத்தாளால் ஒரு மரத்துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சுதான்!

ஊர் திரும்பிய மறுநாள், பரணில் கிடந்த மாமியாரின் ஊஞ்சல் பலகையை இறக்கினார். "உப்புத்தாள் எங்கே கிடைக்கும்?" என்றார்.

பலகை இப்போது பளபளக்கிறது. பேத்தி வரட்டும்!