திரைக்குப் பின்னால் ஒலித்த தப்பு

உயர்தர வகுப்பில் பரதநாட்டியத்தை ஒரு பாடமாக நான் எடுத்தபோது லயத்திலே பலர் நகைத்தனர். கொழுந்து பறிப்பவளின் மகளுக்குச் சலங்கை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அரங்கேற்றத்துக்குப் பெரும்பொருள் செலவிடும் குடும்பங்களின் கலை அது என்றே அவர்கள் அறிந்திருந்தனர். இலவசக் கல்வி இல்லாதிருப்பின் அவர்கள் கூற்றே மெய்யாகியிருக்கும்.

2004ஆம் ஆண்டு பரிசளிப்பு விழாவுக்கு நாங்களே ஒரு நடனத்தை ஆக்கவேண்டுமென ஆசிரியை பணித்தார். தேயிலை நடனமென முடிவாயிற்று. நாடா கட்டிய சிறு கூடை, ஹம்சாஸ்ய முத்திரையில் கொழுந்து, முகத்தில் ஓயாத புன்னகை. மேடைகளில் பார்த்துப் பழகிய அதே கோலந்தான். ஒத்திகை காண வந்த அம்மா, "நெரையில நின்னுக்கிட்டு இப்புடிச் சிரிச்சா அரைப் பேருதான் விழும்" என்றார்.

அச்சொல் எங்களைச் சுட்டது. சனிக்கிழமை மலைக்குச் சென்று பார்த்தோம். கூடைக் கயிறு தலையில் அழுந்திக் கிடந்தமையால் கழுத்துக்கு அசைய இடமில்லை. பெருமையோடு பயின்ற கழுத்துப் பேதங்கள் அங்கே செல்லவில்லை. அரைமண்டியில் முதுகு நிமிர்ந்திருக்கும். சரிவிலோ ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக உடல் முன்சாய்கிறது. இரு கைகளும் மாறி மாறிக் கிள்ளி, நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீசுகின்றன. அந்த வீச்சிலே தாளம் இருந்தது. ஆசிரியையின் இசைவோடு பழைய ஆக்கத்தைக் கலைத்துப் புதிதாக அமைத்தோம்.

அத்தாளத்துக்குத் தப்பே பொருந்திற்று. அப்பா தோட்டத்துக் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர். இழவு வீட்டு வாத்தியம் மேடையேறலாகாது என விழாக்குழுப் பெரியவர் ஒருவர் மறுத்தார். பேசியது அவரன்று, சாதி. முடிவில், திரைக்குப் பின்னால் நின்று அடிக்கலாமென இணங்கினர். அப்பா இருளில் அடித்தார். நாங்கள் ஒளியில் ஆடினோம். கைதட்டல் எங்களுக்குக் கிடைத்தது.

வகுப்பில் படித்த வரலாறு அதன் பின்னரே எனக்கு விளங்கிற்று. சதிர் என இகழப்பட்ட ஆட்டம் 1930களில் பரதநாட்டியம் என்னும் பெயரோடு கௌரவம் பெற்றது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தால் தடுத்தது. அது வேண்டிய சட்டமே. ஆயினும் தலைமுறைகளாக அக்கலையைக் காத்த பெண்களுள் பாலசரஸ்வதி போன்ற சிலரே புதிய மேடையில் புகழ் பெற்றனர். கலை உயர்ந்தபோது கலைஞர் பலர் வெளியே விடப்பட்டனர்.

வேறு வழியும் உண்டு என்பதற்கு எம் நாட்டிலேயே சான்றுண்டு. 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, மாணவருக்கு ஆட்டம் பயிற்றியவர் கிராமத்து அண்ணாவியார்.

இன்று நானும் நடன ஆசிரியை. அடவும் அபிநயமும் குறைவின்றிக் கற்பிக்கிறேன். மாணவியர் ஓர் ஆக்கத்தைத் தொடங்குமுன், இந்த அசைவை யாருடைய உடலிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்கிறேன். அவரை எங்கே நிறுத்தப்போகிறீர்கள் என்றும் கேட்கிறேன். எங்கள் பாடசாலை மேடையில் தப்பு இப்போது திரைக்கு முன்னால் ஒலிக்கிறது.