ஆறரைக் கிராம்

புல்மோட்டை மணலைப் பற்றி நான் மேடைகளில் சொன்னது உண்மையில் பாதிதான். மற்றப் பாதியைத் தெரிந்தே மறைத்தேன்.

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் நான். திருகோணமலைப் பக்கம் எந்த விழாவுக்குக் கூப்பிட்டாலும் ஒரே பேச்சு: "எங்கட மணலில சிர்க்கோன் இருக்கு, மொனசைட் இருக்கு. அதில வாற சிர்க்கோனியமும் சீரியமும் இல்லாமல் மீகடத்திக் கம்பி செய்ய ஏலாது. தங்கத்தை மண் விலைக்குக் கப்பல் ஏத்துறம்." கைதட்டல் நிச்சயம்.

உண்மையான பாதி இது. 1987இல் கண்டறிந்த இட்ரியம், பேரியம், செம்பு ஒட்சைட்டு 92 கெல்வினுக்குக் கீழே மின்தடையை முழுதாக இழந்து மீகடத்தியாகும். குளிரூட்டத் திரவ நைதரசனே போதும். ஆனால் அதன் பளிங்குகள் சில பாகை திரும்பி நின்றாலே மின்னோட்டம் சரிந்துவிடும். அவற்றை ஒரே திசையில் நிறுத்த, உருட்டிச் சூடாக்கி வரிசைப்படுத்திய நிக்கல் நாடா வேண்டும். மீகடத்தியை அதன்மேல் நேரே படியவிட்டால் நிக்கல் ஊடுருவிக் கெடுக்கும். ஆகவே இடையில் சீரியம், சிர்க்கோனியம் ஒட்சைட்டுப் படலங்கள்: நிக்கலின் வரிசை மேலே போகவேண்டும், நிக்கல் போகக்கூடாது. 1996இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் இதைச் செய்துகாட்டியது. அங்கே இந்தப் படலங்களில் உழைத்தவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டம் பெற்ற பரன்ஸ் பரந்தாமன். அவர் பெயருக்கும் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

மறைத்தது ஒரு பெருக்கல் கணக்கு. 12 மில்லிமீற்றர் அகலம், ஒரு கிலோமீற்றர் நீளமான நாடாவில் 75 நானோமீற்றர் தடிப்புக்குச் சீரியம் ஒட்சைட்டுப் பூசினால் நிறை ஏறக்குறைய ஆறரைக் கிராம். என் தேத்தண்ணிக்கு அதைவிடக் கூடச் சீனி போடுகிறேன். இன்னொரு முறையில் அயன் கற்றையின் துணையோடு மக்னீசியம் ஒட்சைட்டிலேயே அந்த வரிசையை உண்டாக்குகிறார்கள். ஆக, 'ஏலாது' என்றதும் பொய்.

விலை இருப்பது படியவைக்கும் வித்தையில். நிக்கலைவிடச் சீரியம் ஒட்சிசனை இறுகப் பிடிக்கும். ஐதரசனையும் நீராவியையும் அளந்து விட்டால் நிக்கல் ஒட்சைட்டாகாமலே சீரியம் ஒட்சைட்டாகும். அந்தப் படலம் தடித்தால் விரிசல் விடும். அதனால்தான் மேலே இட்ரியம் கலந்த சிர்க்கோனியம் ஒட்சைட்டு. உயர்தர மாணவருக்கு எட்டாத இரசாயனம் இல்லை இது. சொன்னால் சபை கொட்டாவி விடும் என்று விட்டுவிட்டேன்.

"சேர், ஒரு கம்பிக்கு எவ்வளவு மணல் வேணும்?" என்று ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள். "தொன் கணக்கில" என்றேன். கணக்கு அப்போதே என் கொப்பியில் இருந்தது.

இதே மணலில் உள்ள இல்மனைட்டுக் கனிமத்தைப் பதப்படுத்தாமல் ஏற்றுமதி செய்வது ஏன் என்று இந்தக் கரையில் உள்ளவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதை என் பொய்யோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். கணக்குத் தெரிந்த எவரும் இனி இரண்டையும் ஒன்றாகவே தள்ளிவிடலாம். அந்தப் பிள்ளையும் இந்நேரம் கணக்குப் போட்டிருப்பாள்.